பாதி தேய்த்த கதவு

அத்தியாயம் 6

ஷெட்டுக்குள் காலை வைத்ததுமே எனக்குக் குமட்டியது. பெயிண்டில் கலக்கிற தின்னர் வாடை. பதினோரு வருடமாக என் கணவரின் சட்டையிலும் தலையணையிலும் சாப்பாட்டு டப்பாவின் மூடியிலும் இருந்த அதே வாடைதான். வீட்டில் அது அவருடைய வாடை. இங்கே அது வெறும் நாற்றம்.

"வாயால மூச்சு விடுங்கம்மா," என்றார் பஞ்சு. "மூக்கை வீட்லயே கழட்டி வெச்சுட்டு வாங்கன்னு சொல்ல மறந்துட்டேன்."

பஞ்சுவோடு அப்போது எனக்கு இரண்டே நாள் பழக்கம். மூட்டை கட்டிய பஞ்சு போல உடம்பு, அதனால் அந்தப் பெயர். துப்பறிகிறவர் பெயர் மீசை; பஞ்சு அவருடைய ஆள். அவருக்கு மீசை கிடையாது. எப்போதோ ஒரு வழக்கில் ஒட்டுமீசையோடு போய், அது டீ கிளாஸுக்குள் விழுந்து மாட்டிக்கொண்டாராம். இதைச் சொன்னதும் பஞ்சுதான். மீசை தன்னைப் பற்றி எதுவும் சொல்கிறவர் இல்லை. ஒல்லியான மனிதர். எதைப் பார்த்தாலும், அது ஏற்கெனவே பொய் சொல்லிவிட்டது போலப் பார்ப்பார்.

என் கணவர் இந்த ஷெட்டில் தாள் பிடிக்கிறவர். டிங்கர் பட்டறையில் ஒடுக்கு எடுத்து, சாம்பல் நிற ப்ரைமர் அடித்து வரும் வண்டிகளை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, பெயிண்ட் ஏறுகிற பதத்துக்குக் கொண்டுவருகிற வேலை. புதன்கிழமை விடிகாலையில் கால்வாய்ச் சாலையோரம் இறந்து கிடந்தார். பின்மண்டையில் அடி. சட்டை முழுக்கச் சாராயம். போலீஸ் இரண்டு வரியில் எழுதி முடித்தது: குடிபோதையில் நடந்து போனவர் தானே விழுந்தோ, ஏதோ வண்டி தட்டியோ இறந்தார். ஷெட் முதலாளி சாட்சி சொன்னார். செவ்வாய்க்கிழமை மதியமே வேலையைப் போட்டுவிட்டுக் குடிக்கப் போய்விட்டான் என்று.

மீசையைப் பிடித்து வந்தது என் கணவரின் தம்பி. தட்டிய வண்டியைத் தேடுவதற்காக என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு வண்டி பெரிதில்லை. அவர் குடித்திருந்தாரா, இல்லையா? அது ஒன்றுதான் கேள்வி. ஏனென்றால், உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் குனிந்தேன், அந்த வாடை முகத்தில் அடித்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் அவரைத் தொடவே இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை பஞ்சு ஒரு துப்போடு வந்தார். என் கணவர் வேலை செய்த அதே ஷெட்டில் ஒரு வேன் நிற்கிறது. பானெட்டும் பக்கக் கதவும் புது ப்ரைமர். இன்றோ நாளையோ பெயிண்ட் அடித்து அனுப்பிவிடப் போகிறார்கள்.

"மூஞ்சியில புது ப்ரைமர்னா மூஞ்சியில அடின்னு அர்த்தம்," என்றார் பஞ்சு. "ஆளைத் தட்டின வண்டி, அந்த ஆளோட ஷெட்டுக்கே வைத்தியத்துக்கு வந்திருந்தா? எவ்வளவு திமிர் பாருங்க."

"பெயிண்ட் ஏறிட்டா ஒண்ணும் பேசாது," என்றார் மீசை. "அம்மா, நீங்களும் வாங்க. உங்க வீட்டுக்காரர் வேலையைப் பத்தித் தெரிஞ்சவங்க எங்ககூட ஒருத்தர் வேணும்."

அதனால்தான் நானும் போனேன்.

முதலாளி ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சாவியை வெளியே எடுத்து, அதன் நுனியைப் பார்த்துவிட்டு, மேஜை மேலிருந்த துணியில் துடைத்தார். அந்தத் துணி எனக்குத் தெரியும். வண்டியைக் கடைசியாகத் துடைக்கிற துணி. நூல் உதிராததாகப் பார்த்து நான்தான் வெட்டிக் கொடுப்பேன். அதை வெறுங்கையால் தொட்டாலே என் கணவருக்குப் பிடிக்காது. கையிலிருக்கிற எண்ணெய்ப் பசை துணிக்குப் போய், துணியிலிருந்து ப்ரைமருக்குப் போய், பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் குழி குழியாக விலகிக்கொள்ளும் என்பார். இப்போது அதில் மஞ்சளாக ஒரு கோடு.

"வாங்கம்மா. ரொம்ப நல்ல வேலைக்காரன்," என்றார் முதலாளி. "குடி மட்டும் இல்லாம இருந்திருந்தா..."

கால்வாயோரம் அவரை அந்தக் கோலத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு எண்ணத் தோன்றியது.

"இன்ஷூரன்ஸ் விஷயமா வந்திருக்கோம்," என்றார் மீசை. "அந்த வெள்ளை வேன் எப்ப வந்துச்சு?"

"வேனா? புதன்கிழமை. மதியம் போல."

"புதன்கிழமைதானா?"

"ஆமா சார். அவன் செத்த செய்தி வந்து எல்லாரும் இடிஞ்சு போய் உட்கார்ந்திருந்தோம். அப்பதான் வந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு."

பஞ்சு என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். விடிகாலையில் சாவு, மதியம் ரிப்பேர். வலையில் மீன் தானாக வந்து ஏறிக்கொள்வது போல இருந்தது.

வேன் பெயிண்ட் அறைக்குள் நின்றது. தகரச் சுவர், தாழ்ந்த கூரை, நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. திரைக்கு அந்தப் பக்கம் காலி. வேனுக்குப் பக்கத்தில் சாமான் வைக்கிற ஓர் இரும்பு ஸ்டாண்டு. சுவரில் வாடையை வெளியே இழுக்கிற ஒரு பெரிய காற்றாடி இருந்தது. அதன் மேல் பழைய பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் ஒட்டி அடைத்திருந்தார்கள். தரையில் வெள்ளையும் சாம்பலுமாகப் பசை. மூலையில் ஒரு டப்பா நிறைய வெற்றிலை எச்சிலோ பெயிண்டோ, எது என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. பெயிண்ட் அடிக்கிற ஸ்ப்ரேக்காரர் அங்கேதான் குந்தியிருந்தார். மெலிந்த ஆள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் ரப்பர் முகமூடி தொங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அண்ணி," என்றார்.

முதலாளி வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். கைக்குட்டையில் சென்ட். தின்னரும் சென்ட்டும் சேர்ந்து இன்னொரு புது நாற்றமாக வந்தது.

"உங்க ஷெட்டுக்கு நீங்களே மூக்கைப் பொத்தினா எப்படி முதலாளி?" என்றார் பஞ்சு. "பெத்தவங்களே பிள்ளையைப் பார்த்து முகம் சுளிச்சா, வர்றவன் என்ன நினைப்பான்?"

"அலர்ஜி," என்றார் முதலாளி.

மீசை பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பானெட்டில் ஓர் இடத்தில் வைத்தார், டக்கென்று ஒட்டியது. நகர்த்தி வைத்தார், ஒட்டியது. இன்னும் கீழே, முகப்பு முழுவதும், விளக்கைச் சுற்றி, பம்பர் ஓரம். எங்கும் டக், டக் என்று ஒட்டியது. மீசையின் முகம் நீண்டுகொண்டே போனது.

"என்ன அண்ணே?" என்றார் பஞ்சு.

"ஒடுக்கு விழுந்த தகரத்துல பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசுவாங்க. பட்டி தடிப்பா இருக்கிற இடத்துல காந்தம் பிடிக்காது. இங்க எல்லா இடத்துலயும் பிடிக்குது. இந்த மூஞ்சியில அடியே படல."

"அப்ப எதுக்குப் ப்ரைமர்?"

"பழைய லாண்டரிப் பேரை டிங்கர் சுரண்டி எடுத்திருக்கார்," என்றார் ஸ்ப்ரேக்காரர், மெல்லிய குரலில். "புதுப் பேர் எழுதணுமாம். அடி பக்கக் கதவுலதான். கேட்டுல உரசிட்டாங்க."

பஞ்சு வேனைச் சுற்றி வந்து, அதன் விளக்கைத் தட்டிக் கொடுத்தார். "மன்னிச்சுக்க தம்பி. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டோம். நீ துணிமூட்டை தூக்குற ஆளு."

அவ்வளவுதான். காலையிலிருந்து கட்டியது எல்லாம் ஒரு காந்தத்தில் சரிந்துபோனது. மீசை காந்தத்தைப் பையில் போட்டார். முதலாளி கைக்குட்டைக்குள்ளிருந்தே சிரித்தார், கண்களில்தான் தெரிந்தது. நான் அவரைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பியபோது அந்தப் பக்கக் கதவு என் முன்னால் இருந்தது.

அவர் செய்கிற வேலையை நான் ஒரு முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். மற்றபடி எல்லாம் சாப்பிடும்போது கேட்டதுதான். சாம்பல் ப்ரைமர் மேல் முதலில் கறுப்புப் பொடியை லேசாகத் தடவுவார்கள். அப்புறம் கட்டையில் தாளைச் சுற்றித் தேய்ப்பார்கள். மேடெல்லாம் தேய்ந்து கறுப்புப் போய்விடும். பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். கறுப்பு மொத்தமும் போகிறவரை தேய்த்தால்தான் பரப்பு சமம். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தைக் கறுப்பு காட்டிக் கொடுக்கும் என்பார். கதவின் நடுவே நீளமாக ஒரு வரம்பு ஓடும் அல்லவா, அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். வரம்பின் மேல் தாள் ஏறினால் ப்ரைமர் தேய்ந்து தகரம் தெரிந்துவிடும். அதனால் அவர் வரம்பு நெடுக மெல்லிய டேப் ஒட்டிவிட்டு, மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை தேய்த்து, கடைசியில் டேப்பை எடுத்து வரம்பை விரல் நுனியால் மட்டும் தடவி முடிப்பார். அந்த ஷெட்டில் அப்படிச் செய்கிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் அதைப் பெண்டாட்டிக்கு ஜடை போடுகிற வேலை என்று கிண்டல் செய்வார்களாம்.

கதவின் வரம்பு நெடுக டேப் ஒட்டியிருந்தது.

நான் கிட்டே போனேன். டேப்பின் நுனி ஓர் உளுந்தளவு மடித்து விடப்பட்டிருந்தது. பிரிக்கும்போது நகத்தால் சுரண்டக் கூடாது, கீறல் விழும்; அதற்காக மடிப்பது. எங்கள் வீட்டில் மாத்திரை உறையிலிருந்து உடைந்த ரிமோட் வரை எந்த டேப்பை எடுத்தாலும் நுனி இப்படித்தான் மடிந்திருக்கும், ஒரு மூலை மட்டும் சற்றே உள்ளே தள்ளி, சரிவாக.

"இது அவர் ஒட்டினது," என்றேன்.



"எதும்மா?" என்றார் மீசை.

"இந்த டேப். இது என் வீட்டுக்காரர் ஒட்டினது."

மீசை டேப்பைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்தார். "வேன் புதன்கிழமை மதியம் வந்துச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அவர் புதன்கிழமை விடியறதுக்கு முன்னாடியே போயிட்டார்."

"டேப் யார் வேணா ஒட்டலாம் சார்."

பஞ்சு ஸ்ப்ரேக்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, நுனியை இப்படி மடிச்சு ஒட்டுற ஆள் இங்க வேற யாராவது உண்டா?"

ஸ்ப்ரேக்காரர் தரையைப் பார்த்தபடி தலையை அசைத்தார். இல்லை என்று.

"அப்ப செத்ததுக்கு அப்புறம் வந்து வேலை பார்த்திருக்கார். இவ்வளவு விசுவாசமான ஆளுக்கு நீங்க குடிகாரன்னு பேர் கொடுத்திருக்கீங்களே முதலாளி."

"இருங்க, இருங்க." முதலாளி கைக்குட்டையை இறக்கினார். "செவ்வாய்க்கிழமை. ஆமா, செவ்வாய் காலையில வந்துச்சு. நான்தான் நாளை மாத்திச் சொல்லிட்டேன். காலையில வேன் வந்துச்சு, அவன் டேப் ஒட்டினான், மதியம் குடிக்கப் போயிட்டான். இப்ப சரியா?"

"நல்லா ஞாபகம் இருக்குன்னீங்க," என்றார் மீசை.

"மனுஷன்தானே சார்."

அதற்குள் பஞ்சு வேனின் பின்பக்கம் போயிருந்தார். அங்கே லாண்டரியின் தொலைபேசி எண் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். "ஹலோ, லாண்டரியா? சட்டை துவைக்கணும். ஒரே ஒரு சட்டைதான், கறை ஜாஸ்தி... அதை விடுங்க, உங்க வேன் எங்கே, வீட்டுக்கு வந்து எடுப்பீங்களா? ... அப்படியா ... அப்படியா ... அடப்பாவமே." நிறையக் கேட்டுக்கொண்டார். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. போனை வைத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"வேனை இங்க கொண்டுவந்து விட்டது செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு மேல. வேற வண்டியில ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு இறக்கிட்டு, டிங்கர் கிட்ட இருந்து இதை எடுத்து, நேரா இங்க வந்திருக்கான் டிரைவர். தாள் பிடிக்கிற அண்ணன்தான் ஷெட் கதவைத் திறந்து விட்டு உள்ள எடுக்கச் சொன்னாராம். மறுநாளே தர்றேன்னு சொன்னவங்க இன்னைக்கு வரைக்கும் தரலையாம். தினம் ஒரு சாக்கு. ஒரு நாள் காத்துல ஈரம், ஒரு நாள் தூசி, ஒரு நாள் கம்ப்ரசர் கெட்டுப்போச்சு."

"மதியமே போனவர் மூணு மணிக்குக் கதவைத் திறந்திருக்கார்," என்றார் மீசை.

முதலாளியின் கழுத்து சிவந்தது. அவர் ஸ்ப்ரேக்காரரைப் பார்த்தார். "கம்ப்ரசர் எப்படா கெட்டுச்சு?"

ஸ்ப்ரேக்காரர் கதவின் டேப்பைப் பார்த்தார்.

"வியாழக்கிழமையே அடிச்சு அனுப்பச் சொன்னேனா இல்லையா? அந்த டேப்பைப் பிச்சு எறி. மீதியைத் தேய். இப்பவே அடி. இவங்க வெளியில போகட்டும்."

ஸ்ப்ரேக்காரர் நகரவில்லை.

"டேய், உன்னைத்தான்."

"அவர் ஒட்டின டேப்பை நான் எடுக்கக் கூடாது முதலாளி," என்றார் ஸ்ப்ரேக்காரர்.

"என்னது?"

"தாள் பிடிக்கிறவர் ஒட்டினதை அவரேதான் எடுக்கணும். எடுத்து, தடவிப் பார்த்து, ஆச்சுன்னு சொல்லணும். அவர் ஆச்சுன்னு சொல்லாம ஸ்ப்ரே எடுக்கக் கூடாது. எங்க வழக்கம் அது. அஞ்சாறு தடவை கிட்ட போனேன். கை வரல."

முதலாளிக்கு இது புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவருடைய அப்பா வைத்த ஷெட் அது. இவர் ஒரு நாளும் தாளைத் தொட்டதில்லை. கதவில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

மீசைக்குத் தெரிந்தது. அவர் தரையில் அந்தப் பசையின் மேலேயே முழங்காலிட்டு, கண்ணைக் கதவின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். டேப்புக்கு மேலே கதவு சுத்தமாக, முட்டை ஓடு போல இருந்தது. டேப்புக்குக் கீழே முன்பாதி மட்டும்தான் தேய்த்திருந்தது. பின்பாதியில் கறுப்புப் பொடி அப்படியே.

"அம்மா, ஒரு ஆள் வேலையைப் பாதியில விட்டுட்டுப் போனா எப்படி விடுவான்?"

"அவர் அப்படி விடமாட்டார்."

"சரி. வேற யாராவது. கட்டையைத் தூக்கிடுவான், இல்லையா? தேய்ச்ச இடம் அங்கேயே நின்னுடும். இங்க பாருங்க." விரலைக் கதவில் படாமல் காற்றில் நகர்த்திக் காட்டினார். "ஒவ்வொரு இழுப்பும் படுக்கையா, நேரா, ரூல் போட்ட மாதிரி இருக்கு. கடைசி இழுப்பை மட்டும் பாருங்க. நேரா வருது, இந்த இடத்துல வளையுது, அப்புறம் கீழ, கதவோட அடி விளிம்பு வரைக்கும் போகுது."

கறுப்பின் நடுவே சாம்பலாக ஒரு பட்டை. கட்டையின் அகலத்துக்கு வளைந்து கீழே இறங்கி முடிந்தது.

"இவர் வேலையை விட்டுட்டுப் போகல," என்றார் மீசை. "கையில கட்டையோட இங்கேயே சரிஞ்சிருக்கார்."

முதலாளி வாசலை நோக்கித் திரும்பினார். வாசலில் பஞ்சு நின்றார். வாசல் முழுக்க நின்றார்.

"சாப்பாடு குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னார்," என்றார் பஞ்சு. "நல்லவேளை கேட்கல. உட்காருங்க முதலாளி."

மீசை ஸ்ப்ரேக்காரரின் முன்னால் போய் நின்றார். அதட்டவில்லை. சுவரில் அடைத்திருந்த காற்றாடியைக் காட்டினார். "அது எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"ஒரு மாசமா. பக்கத்துக் கட்டடத்துல வாடை வருதுன்னு சண்டைக்கு வந்தாங்க. முதலாளி அடைக்கச் சொல்லிட்டார்."

"முகமூடி எத்தனை?"

"ஒண்ணுதான்."

"செவ்வாய்க்கிழமை யார் போட்டிருந்தா?"

"நான்." கழுத்திலிருந்த முகமூடியைத் தொட்டுக்கொண்டார். "திரைக்கு அந்தப் பக்கம் நான் ஒரு காருக்கு அடிச்சிட்டிருந்தேன். இந்தப் பக்கம் அண்ணன் தேய்ச்சிட்டிருந்தார். ஒரே ரூம்ல ரெண்டு வேலையும் பார்க்கக் கூடாதுன்னு அண்ணன் சொன்னார். முதலாளி அவசரம்னுட்டார். அண்ணன் மூக்குல துண்டைக் கட்டிட்டு உட்கார்ந்தார். அஞ்சு மணி இருக்கும். கட்டை கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு. கூடவே ஸ்டாண்டுல ஏதோ இடிச்ச மாதிரி."

"உடனே போய்ப் பார்த்தீங்களா?"

அவர் திரையைப் பார்த்தார்.

"தம்பி."

"காருக்குக் கடைசி பெயிண்ட் கோட் ஓடிட்டிருந்துச்சு சார்."

"அதுக்கு?"

"கோட்டைப் பாதியில நிறுத்த முடியாது. நிறுத்தினா இணைப்பு தெரியும். மறுபடி முழுசாத் தேய்க்கணும். அண்ணேன்னு ஒரு தடவை கூப்பிட்டேன். பதில் இல்ல. ஏதோ தேடுறார்னு நினைச்சேன். அந்தப் பக்கத்தை முடிச்சிட்டு, அப்புறம் கூரையை முடிச்சிட்டு..."

"கூரையுமா?" என்றார் பஞ்சு வாசலிலிருந்து.

"கூரையும்."

திரைக்கு அந்தப் பக்கம் ஸ்ப்ரேக்காரரின் கை இடமும் வலமும் போய் வருவதை, ஒரே சீராக, அவசரமில்லாமல் போய் வருவதை நான் பார்த்தேன். இன்றைக்கும் பார்க்கிறேன்.

"கார் எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

"நல்லா வந்துச்சு அண்ணி," என்றார் அவர். சொன்னதும்தான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும், முகத்தை மூடிக்கொண்டார்.

மீதியை மீசை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார். ஸ்ப்ரேக்காரர் திரையை விலக்கிப் பார்த்தபோது என் கணவரின் தலை ஸ்டாண்டின் காலோரம் கிடந்தது. முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி கைக்குட்டையோடு வந்து, காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, போய்விட்டான் என்று சொன்னார். டாக்டரைக் கூப்பிடலாம் என்றதற்கு, காற்றாடி அடைத்திருப்பதை யார் பார்ப்பார்கள் தெரியுமா, ஷெட்டுக்குப் பூட்டு விழும், உனக்கும் சேர்த்து என்றார். கண்ணாடி அறை அலமாரியில் முதலாளியின் சாராயப் பாட்டில் இருந்தது.

"சட்டையில ஊத்தினார். அப்புறம் வாயிலயும் ஊத்தணும்னார். தாடையை நான்தான் பிடிச்சேன். ராத்திரி கால்வாய்ச் சாலையோரம் கொண்டுபோய்ப் போட்டோம்."

"பொய்," என்றார் முதலாளி. "எல்லாம் பொய். இவனே குடிகாரன்."

"எல்லாரும் உங்களுக்குக் குடிகாரங்கதானா? பாட்டில் மட்டும் உங்க அலமாரியில," என்றார் பஞ்சு.

ஸ்ப்ரேக்காரர் என்னை மட்டும் பார்த்தார். "அண்ணி, ஊத்தினப்போ தொண்டை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. நான் முதலாளிகிட்ட சொன்னேன். விழுங்கறார்னு சொன்னேன். உனக்குப் பிரமைடான்னார். உடம்பு சூடாத்தான் இருந்துச்சு."

நான் வெளியே ஓடிப்போய் ஷெட்டின் சுவரோரம் வாந்தி எடுத்தேன். காலையில் குடித்த டீ மட்டும்தான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவரும் பிசுபிசுத்தது. அந்த இடத்தில் எதைத் தொட்டாலும் கையோடு ஏதோ வந்தது.

உள்ளே மீசை இன்ஸ்பெக்டரோடு போனில் பேசுவது கேட்டது. கதவை யாரும் தொடக்கூடாது, டேப்போடு அப்படியே வேண்டும், போட்டோக்காரரையும் கூட்டி வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி யார் யாரையோ தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சு ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"வாயைக் கொப்பளிங்கம்மா. குடிக்காதீங்க, இந்த ஷெட்டுத் தண்ணியை நான் நம்பல."

கொப்பளித்தேன்.

"ஒண்ணு கேட்கட்டுமா?" என்றார். "நாலு நாளா அவர் குடிச்சிருந்தார்னே நினைச்சிட்டிருந்தீங்களா?"

நான் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வற்புறுத்தவில்லை. தன் போனை நீட்டினார். "உங்க கொழுந்தனாருக்கு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா ஏதாவது உளறி வைப்பேன்."

எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"தம்பி, நான்தான்," என்றேன். "உங்க அண்ணன் குடிக்கல. அவங்கதான் ஊத்தியிருக்காங்க. அவர் வேலை பார்த்துட்டிருந்த இடத்துலயே விழுந்திருக்கார். அவர் குடிக்கவே இல்ல."



"தெரியும் அண்ணி," என்றார்.

"என்ன தெரியும்?"

"அண்ணன் குடிக்கலன்னு. அம்மாவுக்கும் தெரியும். நாங்க யாரும் ஒரு நிமிஷம்கூட நம்பல."

"அப்புறம் எதுக்கு இவங்களைக் கூட்டிட்டு வந்தீங்க?"

அவர் கோபமில்லாமல்தான் சொன்னார்.

"நீங்க அன்னைக்கு அண்ணன் முகத்தைப் பார்க்கலையே அண்ணி. உங்களுக்காகத்தான்."